சைதாவின் செங்கொய்யா

மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றிய 1952-இல், எளாவூரில் விக்டோரியா குத்தகைக்கு எடுத்திருந்த கொய்யாத் தோப்பின் கிணறு அடிமண்ணைக் காட்டிவிட்டது. நாளெல்லாம் இறைத்தாலும் நாற்பது குடம் தேறுவதே பெரும்பாடு. மரமும் நாற்பது. மரத்துக்கொரு குடம் ஊற்றியும் தாகம் அடங்கவில்லை. மத்தியானத்துக்குள் இலையெல்லாம் சுருண்டு தொங்கின.

"பாதி மரத்த வுட்டுடலாம். மீதியாச்சும் பொழைக்கும்" என்றான் புருஷன் யேசுதாஸ்.

"எந்தப் பாதி? நீயே போய் அதுங்க கைல சொல்லிட்டு வா."

விக்டோரியாவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் கண்ணும் கூர்மை. போன வருஷம் லாரி மோதிப் பாதி கிளை ஒடிந்த ரோட்டோர மரம் மட்டும் பச்சையாக நிற்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். இலை குறைந்தால் தாகமும் குறையும் என்று பட்டது.

நாலே நாளில் ஒவ்வொரு மரத்திலும் பாதிக் கிளையைக் கழித்தாள். வெட்டிய இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாள். வெட்டிய கிளைகளை இலையோடு மரத்தடியிலேயே பரப்பினாள். வாசலோரத்துச் செங்கொய்யாவை மட்டும் தொடவில்லை. அது தோப்புக்காரர் அப்துல் ஜப்பார், மகள் சைதா பிறந்தபோது தன் கையால் நட்டது.

இரண்டு மாதத்தில் யாரோ பழவேற்காட்டிலிருந்த ஜப்பாரிடம் போய் வத்தி வைத்துவிட்டார்கள். ஜட்கா வண்டியிலிருந்து இறங்கும்போதே அவர் கத்தினார்.

"இன்னாம்மா அநியாயம் இது! தோப்ப மொட்டையடிச்சு, கட்டையெல்லாம் மெட்ராஸ் லாரில ஏத்திட்டியாமே? நாளைக்கே காலி பண்ணு!"

விக்டோரியா அவர் முன்னால் வந்து நின்றாள். இதை விட்டால் மறுபடியும் அடுத்தவன் வயலில் கூலிக்குக் குனிய வேண்டியதுதான்.

"ஒரு குச்சி வெளிய போவல பாய். சருகுக்கு அடியில கைய வுட்டுப் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து சருகை விலக்கினார். விரலில் ஈரமண் ஒட்டியது. அடுத்த மரத்தடியிலும் கையை விட்டார். ஏழெட்டு மரம் பார்ப்பதற்குள் வெள்ளைக் கைலியெல்லாம் மண். நிமிர்ந்தபோதுதான் மரத்தில் வெட்டிய இடங்களை ஒட்டிப் புதுத் துளிர் கண்ணில் பட்டது. துளிருக்குத் துளிர் மொட்டு.

வாசலுக்கு நடந்தார். சைதாவின் மரம் இலை உதிர்ந்து, நுனியெல்லாம் காய்ந்து நின்றது.

"இதுக்கு மட்டும் தண்ணி ஊத்தலியா?"

"இதுக்கும் அதே ஒரு குடந்தான் பாய். உங்க பொண்ணு மரமாச்சே, வெட்ட எனக்குக் கை வரல."

ஜப்பார் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளிடம் கையை நீட்டினார்.

"காலி பண்றதெல்லாம் கெடக்கட்டும். கத்தியக் குடு. எங்க வெட்டணும்னு நீ காட்டு."

முதல் கிளை விழுந்ததும், அதை அவரே இழுத்து வந்து மரத்தடியில் பரப்பினார்.