நுஸ்ரத்தின் மலை

போடியில் ஒருவருக்கு மலை இருக்கிறது என்றால் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். நுஸ்ரத்துக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஆசைப்பட்டவன் வீட்டிலிருந்தே பெண் பார்க்க வந்திருக்கும்போது யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருக்கும்? எதிரே சஜ்ஜாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சஜ்ஜாத்தின் அத்தா மொய்னுதீன் லேசில் இறங்கி வருகிறவர் அல்ல. வந்தது, தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் மகாராஜனால்தான். "மூணு வருஷமா என் மலையக் கட்டிக்கிட்டு அழுவுறேன்ணே" என்று தன் ஆராய்ச்சியைப் பற்றி நுஸ்ரத் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் போய், "பொண்ணுக்குச் சொந்தமா மலை இருக்கு" என்று கொளுத்திப் போட்டுவிட்டான்.

"மலை எந்தப் பக்கம்மா?" என்றார் மொய்னுதீன்.

"லட்சத்தீவுக்குத் தெக்க, மாமா."

"அம்புட்டுத் தூரத்துலயா! தண்ணி வசதி?"

"அதுக்கென்ன குறைச்சல் மாமா? உச்சிக்கு மேலயே மூவாயிரம் அடி நிக்குது. எல்லாம் உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணியில ஏலம் எப்படிம்மா வரும்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய அத்தா சவுகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பொய் போதும், சஜ்ஜாத் கிடைத்துவிடுவான். சொல்ல நாக்கு வரவில்லை.

"அது தோட்டமில்ல மாமா, கடலுக்கடியில இருக்குற எரிமலை. நான் படிக்கிறது அதத்தான். ஆறு கோடி வருஷத்துக்கு முன்னால கொதிச்சு எந்திரிச்சு, தீவா தலை நீட்டுச்சு. அப்புறம் சூடு ஆறிருச்சு. அலை அடிச்சு அடிச்சு உச்சி தட்டையாயிருச்சு. அடித்தரை அமுங்க அமுங்க மறுபடியும் தண்ணிக்குள்ள போயிருச்சு."

"உங்க மாமாவும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் கொதிச்சாரு" என்றார் சஜ்ஜாத்தின் அம்மா மதீனா. "இப்ப பாரு, ஆறிப்போயி, உச்சியும் தட்டையாயிருச்சு."

சஜ்ஜாத் வெடித்துச் சிரித்தான். மொய்னுதீன் தொப்பியைச் சரிசெய்தாரே தவிரச் சிரிக்கவில்லை. போன மாதம்தான் பக்கத்து ஊரான தேவாரத்தில் அவருக்கிருந்த தென்னந்தோப்பை யானைகள் துவம்சம் செய்திருந்தன.

"அங்க யானை வருமா?" என்று கேட்டார்.

"வராது மாமா. திமிங்கிலம் வரும்."

"அது தென்னைய முறிக்காதுல்ல?"

"முறிக்காது மாமா."

"அப்புறமென்ன," என்றார் மொய்னுதீன் சவுகத் அலியிடம், "நம்மள விட நல்ல மலையாத்தான் வச்சிருக்கா. வெரசா நிக்காஹ்வுக்கு நாள் குறிங்க."