அறுபத்திரண்டு தப்படி

பனைமரத்தடியிலிருந்து அறுபத்திரண்டு தப்படி எண்ணி நடந்து பிலோமினாள் நின்ற இடம், அவளுடைய வயலுக்குள்ளேயே இருந்தது.

“அம்புட்டுத்தான் வாத்தியாரம்மா. எல்லைக்கல்லு இங்கனதான் பொதைஞ்சு கெடக்கும்” என்றார் பக்கத்து வயல்காரர் பேயாண்டி, கடப்பாரையை ஊன்றி நின்று, பரம திருப்தியோடு.

நாளைக்குச் சர்வேயர் வருகிறார். அதற்குள் கல் அகப்படாவிட்டால் பேயாண்டியின் கத்தரிப் பாத்திதான் எல்லை என்றாகிவிடும். அவள் கையில் இருந்ததெல்லாம் ஒரு பழைய காலண்டர் தாள். பசுமலையில் புவியியல் நடத்திய இன்னாசிமுத்து வாத்தியார், தவக்காலத்தில் கண்மூடிய அவள் கணவர், அதன் பின்பக்கத்தில் வரைந்து, பனையிலிருந்து கல்லுக்கு அறுபத்திரண்டு தப்படி என்று குறித்துவைத்த வரைபடம். கருவேலம் அடைத்துக் கிடக்கும் ஆறு அதில் நீலமாய்ப் புரண்டு ஓடியது, மூன்று மீன்களுடன். அவர்கள் வயலில் கதிர்கள் சாய்ந்திருந்தன.

பேயாண்டி எட்டிப் பார்த்தார். “என் வயல்ல என்ன, கோரையா வரைஞ்சிருக்காரு?”

“அந்த வருசம் கோரைதானண்ணே கெடந்துச்சு.”

“ஆத்துல மீனு மட்டும் துள்ளுச்சாக்கும்?”

“மீன் போட்டாத்தான் புள்ளைக ஆறுன்னு நம்புதுகன்னு சொல்லுவாரு.” அவள் தாளை மடித்தாள். “நான் நடந்தது என் தப்படி. இதுல இருக்கறது அவரு தப்படி. அவருக்கு ஒரு கால் எட்டும், ஒரு கால் இழுக்கும். அந்த நடை எனக்கு வராது. ஒங்களுக்குத்தான் வரும்.”

பேயாண்டிக்கு முகம் வெளிறியது. முப்பது வருடமாக டீக்கடையில் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் அவர் நடந்துகாட்டிய நடை அது.

“வாத்தியாருக்குத் தெரியுமா?”

“வீட்ல வந்து, நீங்க நடந்தத அவரு நடந்து காட்டுவாரு. இடுப்பு சரியா வரலைம்பாரு.”

“இடுப்பா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேயாண்டி பனைமரத்தடிக்குப் போனார். நினைத்திருந்தால் காலைக் குறுக்கியிருக்கலாம். ஆனால் முதல் எட்டிலேயே வித்தை அவரைப் பிடித்துக்கொண்டது. வலது கால் நீண்டது, இடது இழுத்தது, இடுப்பு ஒடிந்து நிமிர்ந்தது. எண்ணிக்கொண்டிருந்த பிலோமினாளுக்கு நாற்பதுக்கு மேல் எண் வரவில்லை. அவரே உரக்க எண்ணி முடித்து, தன் கத்தரிப் பாத்திக்குள் நான்கு வரிசை தாண்டி நின்று, கடப்பாரையை இறக்கினார்.

ணங்கென்றது.

“நாசமாப் போச்சு” என்றார், கல்லையும் காய்த்த செடிகளையும் பார்த்து. “ஆனா இடுப்பு வந்துருச்சுல்ல?”

“வந்துச்சு” என்றாள். “பாதில நின்னு வேட்டிய மடிச்சுக் கட்டுவாரு. அது விட்டுப்போச்சு.”

பேயாண்டி அவளை ஒரு கணம் பார்த்தார். கடப்பாரையை அவளிடம் கொடுத்துவிட்டு, பனைமரத்தடிக்குத் திரும்பிப் போனார். அங்கே முதுகைக் காட்டி நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைத் தழைய அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.