மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதில்

ஏசிக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கையில் ஒரு நல்லது கிடைத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவன் வாயிலேயே மண்ணை அள்ளிப் போட்டது.

கடலோரத்தில் இருக்கும் அந்த அயல்நாட்டு நகரத்தில் ஏசி ரிப்பேர் வேலை. அறையில் இருக்கும் நண்பர்களுக்கு அவன் வெறும் 'ஏசி'. கல்யாணமாகி எட்டு வருஷம். பெண்டாட்டியோடு இருந்ததெல்லாம் லீவில் ஊருக்குப் போன சமயம்தான். இந்தத் தடவை தேசிய தினம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் விடுமுறை. குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த ஃபோர்மேன் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார். பெண்டாட்டி பள்ளிக்கூட டீச்சர். மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி வந்து இறங்கினாள்.

ஊர் சுற்றிப் பார்க்க அவள் வரவில்லை. அவளுடைய அண்ணன் ஊரில் ஏசி சர்வீஸ் கடை போடுகிறார். மாப்பிள்ளை திரும்பி வந்தால் பாதிப் பங்கு, இல்லையென்றால் வேறு ஆள் தயார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"இத போன்ல பேசி முடிக்க முடியாதுங்க," என்று டீச்சர் சொல்லியிருந்தாள். "நான் கூப்பிட்டேன்னு வர்றீங்களா, உங்களுக்கே வரணும்னு இருக்கான்னு எனக்குத் தெரியணும். மூஞ்சிய பாத்தாத்தான் தெரியும்."

அட, அவன் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று! ஆனால் வந்தவுடன் சொல்லிவிட்டால் என்ன சுவாரஸ்யம்? கடைசி நாள், கடற்கரையில், இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும். பெரிய சினிமா ஹீரோ என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அறை நண்பர்களான டிரைவரையும் வெல்டரையும் இன்னும் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டான். "எங்க வீட்டுக்காரி கைக்குழம்ப சாப்ட்டுப் பாருங்கடா, அப்புறம் பேசுங்க," என்று வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தவன், சும்மா இருப்பானா? அவர்கள் ஒரு வேளைக்கு வந்தவர்கள்தான். வீட்டுச் சாப்பாட்டைக் காணாமல் காய்ந்து போன நாக்குகள்; அடுத்த வேளைக்கும் வந்தன. வெல்டர் வெங்காயம் உரித்தான். டிரைவர் பாத்திரம் கழுவினான். "அண்ணி, அண்ணி" என்று ஆளாளுக்கு உருகினார்கள். வெளியே மாடிக்கு மாடி கொடி பறந்தது, ஹாரன் அடித்துக்கொண்டு கார்கள் ஊர்வலம் போயின. அத்தனையையும் அவள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "இன்னிக்காவது ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காந்து பேசலாமா?"

"நாளைக்குக் காலைல கடற்கரைக்குப் போறோம்ல, அங்க பேசிக்கலாம்," என்றான், கண்ணைச் சிமிட்டி.

ஞாயிறு காலை கீழே இறங்கினால் டிரைவர் கம்பெனி வேனோடு நிற்கிறான். உள்ளே மற்ற மூன்று பேரும் துண்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "அண்ணிய பஸ்ல கூட்டிட்டுப் போவியா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றான் டிரைவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். எப்படி வேண்டாம் என்பான்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்கள். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

கடற்கரையில் ஊரே திரண்டிருந்தது. தண்ணீரைக் கண்டதும் நால்வரும் சட்டையைக் கழற்றினார்கள். "வாடா ஏசி!" என்று அவனையும் இழுத்தார்கள். "ஒரே நிமிஷம்மா," என்று சொல்லிவிட்டு ஓடினான். ஐந்து பேரின் செருப்புக்கும் காவலாக, ஐந்து போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் போனை எடுத்துப் பேசுவது அலைக்கு நடுவிலிருந்து தெரிந்தது. மகளாக இருக்கும் என்று நினைத்துக் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். அதே நொடியில் வெல்டர் அவனைத் தூக்கித் தண்ணீரில் போட்டான். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் விமான நிலைய வாசலில்தான் தனிமை கிடைத்தது. பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்குப் பதில் சொல்லணுமே," என்று ஆரம்பித்தான்.

"சொல்லிட்டேங்க. கடற்கரைல இருந்தப்போ கூப்பிட்டாரு. நீங்க வரமாட்டீங்கன்னுட்டேன்."

"நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்லியே!"

"வர்றேன்னும் சொல்லலியே." அவள் குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால்கூடத் தேவலை. "மூணு நாளா உங்க மூஞ்சியத்தாங்க பாத்துக்கிட்டிருந்தேன். அவங்கள கண்டா அப்படி மலர்ந்து போகுது. ஊருக்கு வந்தப்போ ஒரு நாளும் நீங்க இப்படிச் சிரிச்சதில்ல. உங்கள இங்கேருந்து பிடுங்கிட்டுப் போய் நான் என்ன பண்ணப்போறேன்?"

"ஐயோ, நான் வர்றதாத்தான் இருந்தேன். இன்னிக்கு உன்கிட்ட சொல்லணும்னுதான்…"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். ஒரு கணம் நம்பிவிடுவாள் போலிருந்தது. பிறகு அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "போற நேரத்துல என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. பரவால்லீங்க. அண்ணன் அந்த ஆளுக்கு அப்பவே சரின்னு சொல்லிட்டாரு. குழம்பு ஃப்ரிட்ஜுல இருக்கு, அவங்களுக்கும் சேத்து வெச்சிருக்கேன்."

கண்ணாடிக் கதவுக்குள் போனவள் ஒரு தடவை திரும்பினாள். அப்புறம் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

வெளியே காத்திருந்த வேனில் ஏறி உட்கார்ந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. அவனைத் தேற்ற வேண்டும் என்று வெல்டர் ஏதோ ஒரு ஜோக் சொன்னான். நல்ல ஜோக். ஏசிக்காரன் சிரித்துத் தொலைத்தான்.