முப்பத்தேழாம் எண் ஓடு

அனார்ஜான் முதலில் தள்ளி நின்று சுவரைப் பார்த்தாள். பிறகு மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போய்ப் பார்த்தாள். முப்பத்தேழு. பக்கத்து ஓட்டிலும் முப்பத்தேழு. அதற்கு மேலே, கீழே, தூணைச் சுற்றிப் போன வரிசையில், எல்லாவற்றிலும் முப்பத்தேழு.

கீவா நகரில் பூ வரைந்த ஓடுகளைப் பதித்துச் சுவர் எழுப்புகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் பெரியது, ஓடு சிறியது. எது எங்கே உட்கார வேண்டும் என்று கொத்தனாருக்குத் தெரிய, வரைகிறவரே ஒவ்வொன்றின் ஓரத்திலும், இப்போது பலருக்கும் படிக்கத் தெரியாத பழைய அரபு எழுத்தில், எண் போட்டுவிடுவார். மெருகுக்கு அடியில் போன எண் அழியாது. அரண்மனைச் சுவர்களில்கூட அப்படியே கிடக்கிறது, யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. அனார்ஜானும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை போட்டாள். முப்பத்தேழில் கொடியை வளைக்கும்போது தூரிகை ஒரு மயிரிழை வழுக்கி, இலைநுனி தடித்துவிட்டது. சரி, கிடக்கட்டும் என்று விட்டாள். இப்போது அந்தத் தடித்த இலை கூடம் முழுக்க இருந்தது.

இருபத்தாறு வருஷமாக அவள் செய்ததெல்லாம் ஒட்டு வேலை. மசூதியில் நாலு ஓடு விழுந்துவிட்டதா, கல்லறை மாடத்தில் பத்து உடைந்துவிட்டதா, கூப்பிடு அனார்ஜானை. எப்போதோ செத்துப்போன யாரோ வரைந்ததைப் பார்த்து, வித்தியாசம் தெரியாமல் வரைந்து கொடுப்பாள். வித்தியாசம் தெரிந்தால் வேலை சரியில்லை என்பார்கள். சபர்பாயின் புது விடுதியில் இந்தக் கூடத்துச் சுவர்தான் முதன்முதலாக அவளே யோசித்து, அவளே வரைந்தது. இந்த ஊரில் ஒரு சுவராவது என்னுடையது என்று நிற்கட்டும் என்று ஆசைப்பட்டாள். அது அப்படியென்ன பேராசை?

தம்பி மத்யாகூபைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். வரைவது அவள், ஆள் பிடித்து விற்பது அவன். திறப்பு விழாவுக்குப் புலாவ் வெந்துகொண்டிருந்தது. சமையல்காரர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தார். ஓடுகளை அடுக்கி அனுப்பியபோது அவள் கட்டிய கயிறு அந்தப் பெட்டியில் அப்படியே இருந்தது. சுவரோரம் அதேபோல இன்னும் பதினொன்று. பன்னிரண்டில் ஒன்றைத்தான் அவிழ்த்திருந்தார்கள்.

"இங்க என்னக்கா பண்ற? எல்லாரும் உன்னத்தான் தேடுறாங்க" என்று பின்னாலிருந்து மத்யாகூப் வந்தான்.

"என்னடா இது?"

அவன் பெட்டிகளின் பக்கம் திரும்பாமலே பேசினான். "கொத்தனாரு முடியாதுன்னுட்டாருக்கா. ஒன்னு பெருசு ஒன்னு சிறுசா இருக்கு, இத ஒட்டி முடிக்க ரெண்டு மாசம் ஆகும்னாரு. சபர்பாய் அண்ணனுக்கு அவசரம். ஒன்ன மட்டும் ஃபேக்டரிக்கு அனுப்புனோம். பத்தே நாள்ல எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்துட்டாங்க."

"அந்த ஒன்ன எடுத்துக் குடுத்தது யாரு?"

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நம்பரக்கூடவாடா?"

"அதுவும் பூ வேலைன்னு நெனச்சிட்டாங்க. பாக்க நல்லாத்தான இருக்கு. போர்டுல உன் பேரத்தான் போட்டிருக்கு, போய்ப் பாரு. கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இரேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

பேர் இருந்தது, கைதேர்ந்தவர்களுக்குப் போடும் உஸ்தா பட்டத்தோடு. 'உஸ்தா அனார்ஜான். முழுக்க முழுக்கக் கைவேலை.' பலகைக்குப் பக்கத்தில் தாஷ்கண்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் தடித்த இலைமேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்தா, இந்த இடம் பாருங்க, கை லேசா நடுங்கியிருக்கு. இதுதாங்க உயிர். மெஷினுக்கு வருமா இது?"

சபர்பாய் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். மத்யாகூப் கண்ணாலேயே கெஞ்சினான். அனார்ஜான் அந்த இலையைத் தொட்டுக் காட்டினாள்.

"மெஷின்தாம்மா அடிச்சிருக்கு" என்றாள். "என் கை ஒரே ஒரு தடவதான் வழுக்குச்சு. அந்த ஓரத்துல இருக்கறது பூ இல்ல, நம்பரு. முப்பத்தேழு. ரெண்டாவது வரிசையில வர வேண்டிய ஓடு. இங்க எல்லாமே ரெண்டாவது வரிசையா நிக்குது."

சபர்பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க உஸ்தா இப்படித்தான். தன் வேலைய தானே கேலி பண்ணிக்குவாங்க. கைதேர்ந்தவங்களுக்குத்தான் இந்த அடக்கம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவர் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அனார்ஜான் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். தட்டில் புலாவைக் கொண்டுவந்து வைத்து, சாப்பிடுங்கள் உஸ்தா என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மத்யாகூப் பட்டறைக்குள் வந்தான். சுட்ட வெறும் ஓடு ஒன்றைத் துடைத்து அவள் முன்னால் வைத்தான். நீலத்தை அவனே கரைத்தான். அவன் இதையெல்லாம் செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

"புகாராவுல இன்னொரு ஹோட்டலாம். நேத்துச் சாப்பாட்டுலயே பேசி முடிச்சிட்டாரு அண்ணன். பெட்டி பெட்டியா நீ கஷ்டப்பட வேணாம்க்கா. ஒரே ஒரு ஓடு போதும்."

அவன் கரைத்த நீலத்தை அவள் தள்ளி வைத்தாள்.

"ஆனா இதுல தப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமாம். தூரத்துல இருந்து பாத்தாலே தெரியணுமாம்."

அவனைத் திட்ட நிறைய இருந்தது. முகத்துக்கு நேரே விட்டெறியலாம் என்றுதான் ஓட்டை எடுத்தாள். எடுத்த கை அதை மடியில் வைத்துக்கொண்டது. தூரிகையைத் தோய்த்துக் கொடியை இழுத்தாள். வளைவு வந்த இடத்தில் மணிக்கட்டை வேண்டுமென்றே தளர்த்தினாள். கோடு பிசகவில்லை. இன்னொன்று இழுத்தாள். அதுவும் எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பி, இலைநுனியில் முள்போலக் கூர்ந்து நின்றது. ஈரநீலம் காய்வதற்குள் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.