காய்ச்சல் என்று சொல்லிவிடு

"அண்ணி, வாயைத் திறங்க."

நாத்தனார் தெர்மாமீட்டரை உதறி அவள் நாக்குக்கு அடியில் வைத்தாள். போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளைச் செஸ் ஆடுகிறவர்கள் பல்லி என்பார்கள். தோற்கப்போகிற ஆட்டத்தில்கூடச் சுவரை விட்டு விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பாளாம். ஊரில் குடிநீர் வாரியத்தின் பில் கவுண்டரில் உட்காருகிறவள். லீவு போட்டுத்தான் போட்டிகளுக்கு வருவாள். வீராங்கனையுடன் ஒரு பெண் துணை வந்தாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்தத் துணைக்குச் செலவு செய்வது மட்டும் சங்கத்தின் விதியில் இல்லை. அதனால் புருஷனின் தங்கை அணி மேலாளர் ஆகிவிட்டாள். குதிரை எப்படி நகரும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"நூத்தி ரெண்டைத் தாண்டிடுச்சு. அண்ணி, இது நிஜக் காய்ச்சல்."

"பின்னே?"

"வழக்கமா வர்றது இல்லைன்னு சொல்ல வந்தேன்."

பல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் பிடித்தது.

வழக்கமாக வருகிற காய்ச்சல் என்பது வேறு. பக்கத்து நாட்டு ஆட்டக்காரியுடன் ஜோடி விழுந்தால் அது வரும். இரண்டு நாட்டுக்கும் ஒரே பேச்சு, ஒரே முகம், நடுவில் ஒரு முள்வேலி. அவர்களோடு ஆடாதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் உலக செஸ் அமைப்பு அபராதம் போடும். சங்கத்தின் செயலாளர் போன் செய்வார். "காய்ச்சல்னு சொல்லிடும்மா" என்பார். அவ்வளவுதான், காய்ச்சல் வந்துவிடும்.

பல்லிக்கு அப்படி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் எதிரே உட்கார வேண்டியிருந்தவள் ஒரே ஆள்தான். பக்கத்து நாட்டில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவள். போட்டிகளில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

முதல் தடவை யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இரண்டாம் தடவை அப்படி இல்லை. அது கடைசிச் சுற்று. டீச்சருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைக்க அந்த ஆட்டத்தில் டிரா போதும். ஆனால் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். எதிராளி வராமல் கிடைக்கிற புள்ளி போட்டியில் சேரும், பட்டத்துக்குச் சேராது. டீச்சர் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, ஜெயித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டமில்லாமல் எழுந்து போனாள்.

அன்றைக்குப் பல்லி ஓட்டல் அறை ஜன்னலில் நின்று வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். கீழே தெருவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போன டீச்சர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள், போனாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று பல்லி பலமுறை நினைத்ததுண்டு.

இன்றைக்கு மறுபடியும் கடைசிச் சுற்று. மறுபடியும் டீச்சர். மறுபடியும் அவளுக்கு வேண்டியது ஒரு டிரா.

கதவு தட்டப்பட்டது. கோட்டு போட்ட செயலாளர் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, இன்னும் கிளம்பலையா? கீழே கேமராக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க."

"சார், அண்ணிக்குக் காய்ச்சல்" என்றாள் நாத்தனார்.

"அதெல்லாம் இனிமே வேண்டாம்மா. கொள்கை மாறிடுச்சு. டிவி பார்க்கலையா? ரெண்டு நாட்டுப் பெரியவங்களும் கை குலுக்கப் போறாங்க. ஒப்பந்தம் தயார்."

"கொள்கை மாறிடுச்சு சார். காய்ச்சல் மாறலையே."

தெர்மாமீட்டரை நீட்டினாள். செயலாளர் அதைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நிஜமாவேவா? இன்னிக்குன்னு பார்த்தா வரணும்?" கட்டிலின் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. போட்டோ எடுக்கற வரைக்கும் உட்காரு. அப்புறம் கொஞ்சம் காய் நகர்த்திட்டு டிரா கேளு, அவ ஒத்துக்குவா. அந்தப் பக்கத்துலயும் பேசியாச்சு. ரெண்டு நாட்டுக்கும் மரியாதை. அவளுக்கும் பட்டம் வந்துடும். வந்து படுத்துக்கோ."

"சார்," என்றாள் பல்லி போர்வைக்குள்ளிருந்து, "நல்லா இருந்தப்போ படுக்கச் சொன்னீங்க. இப்ப எழுந்திருக்கச் சொல்றீங்க."

"நானா சொல்றேன்? எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க. அவங்களுக்கும் மேல ஆள் இருக்கு. நானும் ராத்திரி தூங்கலைம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. கண் சிவந்துதான் இருந்தது.

பல்லி எழுந்து முகம் கழுவினாள். நாத்தனார் ஸ்வெட்டரை மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். "ஏன் அண்ணி போறீங்க? அந்த ஆளுக்காகவா?"

"இன்னிக்கும் நாற்காலி காலியா இருந்தா அவ என்ன நினைப்பா?"

கீழே அரங்கில் மேசைகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கேமராக்கள். டீச்சர் முன்னாலேயே வந்து காய்களை நேராக வைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பல்லி கை நீட்டினாள்.

"அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க மேடம். இந்தப் பக்கம் பாருங்க. சிரிங்க."

சிரித்தார்கள். சிரிப்பைக் கலைக்காமலே டீச்சர் சொன்னாள். "கை சுடுது."

"காய்ச்சல்."

"ஆமா. உங்களுக்குத்தான் அடிக்கடி வருமே."

கேமராக்கள் விலகியதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "டிரா கேக்கச் சொல்லி உங்க ஆள் சொல்லியிருப்பார். எங்க ஆளும் ஒத்துக்கச் சொன்னார். நீங்க கேக்காதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன்."

"உங்களுக்குத்தானே அது வேணும்?"

"வேணும்தான். அன்னிக்கு ஒரு புள்ளியைச் சும்மா குடுத்தீங்க. இன்னிக்கு அரைப் புள்ளியைச் சும்மா குடுக்காதீங்க. சமாதானத்துக்குக் குடுத்த பட்டம்னு ஸ்கூல்ல புள்ளைங்ககூடச் சொல்லும்."

நடுவர் அம்மா வந்து கடிகாரத்தை அழுத்தினார். பேச்சு நின்றது.

பல்லிக்குப் பலகை ஒரு சமயம் கிட்டே வந்தது, ஒரு சமயம் தூரப் போனது. முதுகில் குளிர், கண்ணில் எரிச்சல். ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. சிப்பாய்கள் வெட்டுப்பட்டன. ராணிகள் இரண்டும் போயின. கேமராக்காரர்கள் தங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலைப் பல்லியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பல்லி குடித்தாள்.

அப்போதுதான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் செயலாளர் தெரிந்தார். கோட்டைக் காணோம். வலது கையைத் தன் நெற்றியில் வைத்து வைத்துக் காட்டினார். பல்லிக்கு முதலில் புரியவில்லை. சலாம் போடுகிறாரோ என்று நினைத்தாள். கழிவறைக்குப் போக எழுந்தபோது நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தாள். கூடவே நடுவர் அம்மாவும் வந்தார்.

"அண்ணி, டிவில சொல்றாங்க. பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சாம். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு விமானம் ஏறிட்டாராம். சார் உங்களை எழுந்து வந்துடச் சொல்றார்."

நடுவர் அம்மா இடையில் புகுந்தார். "ஆட்டக்காரங்ககிட்டப் பேசக் கூடாதும்மா." பிறகு பல்லியைக் கேட்டார். "உங்க சங்கத்துலேர்ந்து வந்து சொல்றாங்க, உங்களுக்குக் கடுமையான காய்ச்சலாம். ஆட முடியாதாம். அப்படியா?"

பல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். முதல்முறையாக அது உண்மை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்ப் படுக்கலாம், செயலாளர் நிம்மதியாவார். ஆட்டம் தொடங்கிவிட்டதால் டீச்சருக்கு ஒரு முழுப் புள்ளி, கூடவே பட்டமும். அதுவும் இன்னொரு சும்மாப் புள்ளி.

"இல்லைங்க," என்றாள். "எனக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன்."

நடுவர் அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். "மேலாளர் என்ன சொல்றீங்க?"

"அண்ணிக்கா? காய்ச்சலா?" என்றாள் நாத்தனார். "கல்லு மாதிரி இருக்காங்களே."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். செயலாளரின் கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் வெளியே போய்விட்டார். ஆளுக்கு ஒரு யானையும் ஒரு குதிரையும் சில சிப்பாய்களும் மிச்சம். டிராவாகத்தான் முடியும் என்று இருவருக்கும் தெரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். பல்லிக்கு அது கைவந்த வேலை.

டீச்சர் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

பல்லி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தன் குதிரை தாவினால் ராஜாவுக்கும் செக், யானையும் போகும். காய்ச்சல் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறதோ என்று மறுபடி பார்த்தாள். சரியாகத்தான் தெரிந்தது. மேசைமேல் இருந்த கை எழும்பவில்லை. வேறு ஏதாவது நகர்த்தலாம். காய்ச்சலில் கவனிக்கவில்லை என்றால் உலகமே நம்பும்.

டீச்சரும் அதற்குள் பார்த்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். நடுவர் அம்மா தூரத்து மேசையில் இருந்தார்.

"பார்த்துட்டீங்கல்ல?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "போடுங்க."

"பட்டம்..."

"போடுங்கன்னா."

பல்லி குதிரையை எடுத்து வைத்தாள். டீச்சர் இன்னும் சில காய்களை நகர்த்திப் பார்த்தாள், மரியாதைக்கு. பிறகு கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினாள். இந்தத் தடவை படம் எடுக்க ஆளில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு டீச்சர் பெருமூச்சு விட்டாள். "தோத்துட்டேன். அப்பாடா. வீட்டுக்குப் போய் இதையாவது சொல்லிக்கலாம், நல்லா ஆடித் தோத்தேன்னு."

"அடுத்த தடவை எடுத்துடுவீங்க."

"அடுத்த தடவை உங்களுக்குக் காய்ச்சல் வந்துடும்."

டீச்சர் எழுந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு நின்றாள். மேசைக்குக் குறுக்காகக் குனிந்து புறங்கையைப் பல்லியின் நெற்றியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"அட, அனலாக் கொதிக்குதே! காலையிலேர்ந்தேவா?"

"நேத்துலேர்ந்து."

"அன்னிக்கு வாழைப்பழம் தின்னீங்களே, ஜன்னல்ல."

"பசிச்சுது."

டீச்சர் சிரித்தாள். பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "வெறும் வயித்துல போடாதீங்க. எதையாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் ஆட்கள் நின்ற வாசலை நோக்கி நடந்தாள். அங்கேயும் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் வந்து ஸ்வெட்டரைச் சரிசெய்தாள். "ஜெயிச்சீங்களா தோத்தீங்களா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தை வெச்சிருந்தீங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை."

"ஜெயிச்சேன்."

"அப்ப சந்தோஷமா இருங்களேன். சார் வெளியே நிக்கறார். மேலேர்ந்து போன் வந்திருக்காம், லைன்ல இருக்காங்களாம். ஏன் எழுந்து வரலைன்னு உங்க வாயால சொல்லணுமாம். அடுத்த அணியில பேரு இருக்குமா இருக்காதான்னு அதுலதான் இருக்காம். என்ன சொல்லட்டும் அண்ணி?"

பல்லி மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மரம் குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது.

"காய்ச்சல்னு சொல்லிடு."