நயினார் பொய் சொல்லமாட்டார்

பொழுது சாய்ந்துவிட்டால் தரணேந்திரன் எதையும் வாயில் வைக்கமாட்டார். திருப்பருத்திக்குன்றத்தில் அவர் தெருவில் இது யாருக்கும் செய்தியே இல்லை. சமணர் வீடுகளில் இருட்டுவதற்குள் சாப்பாட்டுக் கடை முடிந்துவிடும். ஆனால் அவர் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்குத் தகடு அழுத்தும் ஒரு கம்பெனியில். அங்கே இரண்டாம் ஷிப்டுக்குச் சாப்பாட்டு மணி ராத்திரி எட்டுக்குத்தான் அடிக்கும். கம்பெனி மணிக்குச் சூரியனைப் பற்றி என்ன கவலை?

முதல் வருஷம் மனுஷர் பட்டினியாகவே ஷிப்டை ஓட்டினார். சமணர் என்பதால் எல்லாருக்கும் அவர் நயினார். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்டி நயினாரே?" என்று சூப்பர்வைசர் தினகரன் கிண்டலடிப்பான். நயினார் சிரித்துக்கொள்வார். கோபப்படவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. தாமதமாக வந்தால் பஸ் பஞ்சர் என்று உலகம் சொல்லும். இவர் "தூங்கிட்டேன் சார்" என்று சொல்லித் திட்டு வாங்குகிற ரகம். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலை என்னதான் செய்யும்?

வழி கண்டுபிடித்தவள் அம்சா. பக்கத்து மேஜையில் தகட்டில் எண்ணெய் துடைக்கிற காண்ட்ராக்ட் பெண். "நீ போய் துன்னுட்டு வாண்ணா. அதுவரைக்கும் உன் மெஷின்ல நான் நின்னுக்குறேன்" என்றாள். மெஷின் நிற்காதவரை யார் நின்றால் என்ன என்று தினகரனும் தலையாட்டினான். அன்றிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே நயினார் சாப்பிட்டார். அவர் விரதத்தைக் காப்பாற்றியது அம்சாதான் என்று சொன்னால் மிகையில்லை.

நயினாரின் மெஷின் தகடு அழுத்தும் பிரஸ். கை உள்ளே போனால் அது தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அந்த சென்சார் அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது, உற்பத்தி குறைகிறது என்று தினகரன் அதை அணைத்து வைத்திருந்தான். நயினார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "பாத்துக்கலாம்பா" என்பான். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், அவர் தயிர்சாதத்தில் இரண்டு வாய் வைத்திருப்பார், அம்சாவின் அலறல் கேட்டது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கே எச்.ஆர். மேடம் சுகாசினி வந்து அம்சாவிடம் பேசிவிட்டுப் போனார். அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வருவார். சென்சார் நன்றாகத்தான் வேலை செய்தது, அம்சாதான் பக்கவாட்டில் கையை விட்டுவிட்டாள் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சொன்னால் பேக்கிங்கில் நிரந்தர வேலை. ஒருவர் மாற்றிச் சொன்னாலும் வேலை கிடையாது. காண்ட்ராக்ட் ஆளுக்கு காண்ட்ராக்டரே பொறுப்பு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை.

கட்டுப்போட்ட கையோடு அம்சா நயினாரின் வீட்டுக்கே வந்தாள்.

"ஒரே ஒரு பொய்ண்ணா. எனக்கோசரம்."

"நடந்ததச் சொன்னா உனக்கு நஷ்டஈடு வரும்மா. சட்டம் இருக்குது."

"யாருக்கு வந்துது? எங்க வூட்டுக்காரரு சாரத்துலேர்ந்து வுழுந்து செத்தாரே, இன்னி வரைக்கும் எதுனா வந்துதா? ரெண்டு பசங்க இருக்குதுங்கண்ணா. இந்தக் கைய வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

"நான் பொய் சொன்னா சென்சார் ஆஃப்லயேதான் இருக்கும். அடுத்து அங்க நிக்கிறவங்க கையும் போவுமேம்மா."

அம்சாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் விரதத்துக்கு என் வெரலு போச்சு. உன் சத்தியத்துக்கு என் சோறும் போவணுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தும் பொய் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்க நாக்கு எழவில்லை. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

விசாரணை நாளன்று சென்சார் பளிச்சென்று வேலை செய்தது. ஆய்வாளர் நயினாரை முதலில் கேட்டார். அவரும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சென்சார் மாசக்கணக்கா ஆஃப்லதான் சார் இருந்துது. நான் சாப்பிடப் போனேன், எனக்கு பதிலா அந்தப் பொண்ணு நின்னுது. தப்பு எங்களோடது. அந்தப் பொண்ணுமேல தப்பு ஒண்ணும் இல்ல."

சுகாசினியின் முகம் வெளிறியது. தினகரன் பல்லைக் கடித்தான். ஆய்வாளர் அம்சாவின் பக்கம் திரும்பி, "இவர் சொல்றது சரியாம்மா?" என்றார்.

அம்சா தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "இல்ல சார். அவரு பொய் சொல்றாரு. நான்தான் கைய வுட்டேன்."

பிறந்ததிலிருந்து அவரைப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. முதலில் சொன்னவள் இவள். வலித்தது, ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை.

ஆய்வாளர் எரிச்சலோடு பேனாவை மூடினார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. விசாரணைல பொய் சொன்னா கேஸ் ஆகும். இந்தம்மா மேல போடட்டுமா?"

அம்சா நிமிர்ந்து நயினாரைப் பார்த்தாள்.

"அது சொல்றதுதான் சார் நெசம்" என்றார் நயினார். "நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"சூப்பர்வைசர் மேல கோவம் சார்."

முதல் பொய் தட்டுத்தடுமாறி வந்தது. இரண்டாவது தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வயதானவர், குடும்பஸ்தர் என்று சுகாசினி பரிந்து பேச, ஆய்வாளர் அவரை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்.

ஆய்வாளரின் கார் கேட்டைத் தாண்டியது. அம்சா திரும்பிப் பார்க்காமல் பேக்கிங் பக்கம் போனாள். தன்னை வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நயினார் பிரஸ் பக்கத்தில் காத்திருந்தார். தூக்கியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். தினகரன் வந்தான். பிரஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து சென்சாரை அணைத்தான். பிறகு, இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாக, அவர் தோளில் கையைப் போட்டான்.

"இப்பதான் நயினாரே நீ நம்ப ஆளு."

நயினார் தோளை விலக்கிக்கொள்ளவில்லை. ஒரு தகட்டை எடுத்து உள்ளே வைத்துப் பட்டனை அழுத்தினார்.