ஒன்பது வயதில் நின்றவள்

நூற்பாலையில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த சிட்டு, ஒன்பது வயதில் வளர்வதை நிறுத்திக்கொண்டாள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தாள். ஆலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற இயந்திரத்தின் அடியில் தவழ்ந்துபோக அந்த உடம்பு தோதாக இருந்தது. பெரிய முதலாளி விருந்தாளிகளிடம் அவளுடைய விரல்களை விரித்துக் காட்டி, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைப்புதான் பள்ளிக்கூடம் என்பார். தங்கள் பிள்ளைகளை வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்த பெரிய மனிதர்கள் உருக்கமாகத் தலையாட்டுவார்கள். இதற்கிடையே அவளுடைய தம்பி வளர்ந்தான், அவனுக்குக் கல்யாணமானது, அவன் மகளும் சிட்டின் தோளைத் தாண்டினாள். "கூடப் படிக்கிறவங்க கேட்டாங்க அத்தை. நீ என் தங்கச்சின்னு சொல்லிட்டேன்," என்றாள் அவள்.

பிறகு குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. ஆய்வாளர் அவளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். வயது முப்பத்தாறு. "பேப்பர்ல பெரிய பொம்பளைதானே, அப்புறம் என்ன?" என்று கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். பெரிய முதலாளியின் மகன் காலத்தில் துணி வாங்க வெளிநாட்டார் வரத் தொடங்கியதும் ஆலைக்கு வெட்கம் வந்தது. அவர்கள் வரும் நாட்களில் அவளைப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வெட்கம் அவ்வளவு தூரம்தான் வந்தது.

பேரன் காலத்தில், குழந்தைகளின் நலம் காத்ததற்காக ஆலைக்கு விருது கிடைத்தது. பூங்கொத்து கொடுக்கச் சின்னப் பிள்ளை ஒன்று வேண்டுமென்று சிட்டையே மேடையில் நிறுத்தினார்கள். "எங்க ஆலையில எந்தக் காலத்துலயும் ஒரு குழந்தைகூட வேலை செஞ்சதில்ல," என்றார் பேரன். முன்வரிசையில், ஓய்வுபெற்ற அந்த ஆய்வாளர்தான் முதலில் கைதட்டினார்.

சிட்டு ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். எட்டவில்லை. அங்கேயே ஒரு சாண் வளர்ந்தாள். தோளில் தையல் விட்டது.

"நான் இருந்தேனே," என்றாள். "உங்க தாத்தா காலத்துலேர்ந்து மிஷினுக்கு அடியிலதான் இருந்தேன்."

பிள்ளை என்ன அழகாக நடிக்கிறது என்று அதற்கும் கைதட்டினார்கள். அவள் பூங்கொத்தை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். அதன்பிறகு ஆலைக்குப் போகவில்லை. அந்த மாதமே அவளுக்கு இரண்டு பால்பற்கள் விழுந்தன. தம்பி மகள் அவளைத் தையல்காரரிடம் கூட்டிப்போனாள். "அத்தைக்கு அம்பத்தொண்ணு முடிஞ்சிருக்கு," என்றாள். தையல்காரர் தலையசைத்துவிட்டு அளவெடுத்தார்.

"அடியில நாலு விரல் மடிச்சு விடுறேன். வளர்ற பிள்ளை."

"ஆறா விடுங்க," என்றாள் சிட்டு.